கரண்டியில் கட்டிய பென்டிரைவ்

1.

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலாளர் எழுதித் தரச் சொன்னார். அதற்கு மேல் பெரிய பிறப்புக் கதை எதுவும் இதற்குக் கிடையாது.

போன திங்கட்கிழமை காலை அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "நீங்கதான் கதையெல்லாம் எழுதுவீங்களே. பென்டிரைவ் பத்தி ஒரு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன். சுற்றறிக்கை விட்டு விட்டு ஓஞ்சு போச்சு. ஒருத்தரும் படிக்கிறதில்ல, கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போயிடறாங்க. கதைன்னா படிப்பாங்க. சொந்த பென்டிரைவைக் கொண்டு வந்து சொருகினா என்ன ஆகும்ங்கிறது மனசுல பதியணும். வெள்ளிக்கிழமை வேணும்."

"வெள்ளிக்கிழமை விசாரணை இருக்கே சார்," என்றேன்.

"அதனாலதான் சொல்றேன். விசாரணை முடிஞ்ச கையோட அறிவிப்புப் பலகையில ஒட்டிடலாம்."

எங்கள் இடம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். சுருக்கமாக லேப். அங்கிருந்து முப்பத்தெட்டு பேருடைய பரிசோதனை முடிவுகள் வெளியே போய்விட்டன. யாரோ ஒருவரின் சொந்த பென்டிரைவ் வழியாகப் போயின என்பது வரை கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த யாரோ யார் என்பதைக் கண்டுபிடிக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அப்படி ஆகிவிட்டது. பழி எங்கள் அக்கா மேல் கிடக்கிறது. பாவம் என்னுடையது.

[இதை ஒளித்துவைத்துக் கடைசிப் பக்கத்தில் எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தால் 'அடடா, நல்ல உத்தி' என்று பாராட்டியிருப்பீர்கள். பாராட்டு எனக்கு இப்போது ஆகாது. ஏன் என்பது ஐந்தாம் பகுதியில் தெரியும்.]

ஆனால் 'நான்' என்று போட்டு எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. நான்கு முறை முயன்றேன். "நான் அன்று மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு" என்பது வரை வந்துவிட்டுக் கை மரத்துப்போகிறது. வெட்கம்தான், வேறென்ன. ஆகவே இனி அவன் என்றே எழுதுகிறேன். லேபில் முடிவுகளைப் பதிவு செய்யும் எழுத்தர். வயது நாற்பத்தொன்று. மனைவி உண்டு. எழுத்தாளன் என்ற நினைப்பும் உண்டு.

2.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"கவனக்குறைவான ஒரு பெண் ஊழியரால் ஒரு நிறுவனத்தின் மானமே கப்பலேறிய கதை இது. அன்று அவள் தன் கணினியைத் திறந்து போட்டுவிட்டு"

இதற்கு மேல் எழுதவில்லை. எழுதவில்லை என்று பெருமையடித்துக்கொள்ள ஒன்றுமில்லை, இது வரைக்கும் எழுதியிருக்கிறேனே. மேலாளர் இதைத்தான் எதிர்பார்த்தார். ஒரு பெண், ஒரு அலட்சியம், கடைசியில் நாலு சொட்டுக் கண்ணீர், கீழே தடித்த எழுத்தில் ஒரு அறிவுரை. கை தன்பாட்டுக்கு எழுதிக்கொண்டு போனது. என் கையை எனக்கே பிடிக்காமல் போனது அப்போதுதான்.

இரண்டாம் தொடக்கம்:

"கட்டைவிரல் நீளமே உள்ள பென்டிரைவ், பார்ப்பதற்குச் சாதுவானது. ஆனால் நிறுவனத்தின் இரகசியங்கள் அனைத்தும் அதற்குள் அடங்கிவிடும் என்பதை நாம்"

பள்ளிக்கூடக் கட்டுரை. இதைப் படித்து யாரும் திருந்த மாட்டார்கள். எழுதியவன் உட்பட.

மூன்றாம் தொடக்கம் ஒரே வாக்கியம்: "அது ஒரு எவர்சில்வர் கரண்டி." இது மட்டும் பொய் இல்லை என்பதால் வைத்துக்கொள்கிறேன்.

3.

அது ஒரு எவர்சில்வர் கரண்டி. முழங்கை நீளம் இருக்கும். லேபின் உணவறையில் பெரிய பாத்திரத்துக்காக வாங்கி, பாத்திரம் ஓட்டையான பிறகு சும்மா கிடந்தது. அதன் காம்புத் துளையில் தடித்த கம்பி போட்டு, கம்பியின் மறுமுனையில் ஒரு சிவப்பு பென்டிரைவைக் கட்டியிருந்தார் அக்கா.

சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, எல்லாரும்தான் சிரித்தார்கள். காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

லேபின் கீழ்த்தளத்தில் ரத்தத்தைப் பரிசோதிக்கிற பழைய மெஷின் ஒன்று இருக்கிறது. கிழமானாலும் கணக்கில் தப்பு வராது. ஆனால் அதை மற்றக் கணினிகளோடு இணைக்க முடியாது, அவ்வளவு பழசு. அது சொல்கிற முடிவுகளைப் பென்டிரைவில் ஏற்றி, படியேறி, மேல்தளத்தில் அக்காவின் கணினியில் இறக்க வேண்டும். அங்கிருந்துதான் நோயாளிகளுக்கு ரிப்போர்ட் போகும். ஆகையால் லேபில் இரண்டே இரண்டு இடங்களில் பென்டிரைவ் சொருகலாம். மற்ற எல்லாக் கணினிகளின் வாயையும் சிஸ்டம்காரர் பிளாஸ்டிக் அடைப்பான் போட்டு மூடிவிட்டார். சொந்த பென்டிரைவ் கொண்டு வந்தால் வேலை போகும் என்று சுற்றறிக்கையும் வந்தது. அதில் அவனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

பென்டிரைவ் என்பது மறதியாகச் சட்டைப் பையில் போய்விடுகிற சாமான். இரண்டு முறை யாரோ வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்கள். மூன்றாவது முறை அக்கா கரண்டியைக் கட்டினார். "கரண்டிய எவனாவது பையில போட்டுட்டுப் போகட்டும் பார்க்கலாம்," என்றார். அதற்குப் பிறகு ஆறு வருடத்தில் ஒருமுறைகூட அது வாசலைத் தாண்டவில்லை.

அக்கா என்றால் அவனுடைய உடன்பிறந்த அக்கா இல்லை. லேபில் எல்லாருக்கும் அவர் அக்கா. முதுகுக்குப் பின்னால் கரண்டியக்கா. வயது ஐம்பத்து நாலு, பத்தொன்பது வருடச் சர்வீஸ். கரண்டி அவருடைய மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கும். வேண்டுமென்றால் நோட்டில் நேரம் எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். முடிவுகளை இறக்கிய பிறகு அவர் கண்ணெதிரே பென்டிரைவைச் சுத்தமாக அழிக்க வேண்டும். "அழிச்சியா?" என்று கேட்பார். "அழிச்சிட்டேன்கா" என்றால் போதாது. திறந்து காட்டச் சொல்லிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பார்.

கையில் கரண்டியோடு படியேறி வருவது அவனுக்கு அவமானமாக இருந்தது. எதிரே வருகிறவர்கள் "என்ன சார், பரிமாற வர்றீங்களா?" என்பார்கள். ஒரு எழுத்தாளனை இப்படிக் கேட்கலாமா என்று உள்ளுக்குள் குமைவான்.

[எழுத்தாளன் என்று அவனைத் தவிர வேறு யாரும் அப்போது சொல்லவில்லை. மனைவி கேட்டால் சொல்வாள், கேட்காமல் சொல்ல மாட்டாள்.]

4.

அவன் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தான். ஆற்றுப் பாலத்தின் முனையில் ஒரு காவல்காரன். பழைய பாலம், பாரம் தாங்காது. அதனால் கடக்கிற ஒவ்வொருவரின் எடையையும் கேட்டு, பெயருக்கு நேரே எழுதிவைக்கிறான். பதினோரு அத்தியாயம் ஆகியும் முடிவு வரவில்லை. காவல்காரனை ஆற்றில் தள்ளிப் பார்த்தான், பாலத்தை இடித்துப் பார்த்தான், ஒன்றும் சரிப்படவில்லை. முடிவு எழுத அவனுக்கு என்றைக்குமே வராது. ஒரு பத்திரிகையின் நாவல் போட்டிக்குக் கடைசி நாள் வந்துவிட்டது. முடியாவிட்டால் போகட்டும், பதினொன்றோடு அனுப்பிவிடுவோம் என்று நினைத்தான். நாவல் அவனுடைய சொந்த பென்டிரைவில், 'கடைசி' என்று பெயரிட்ட கோப்புறையில் இருந்தது. பென்டிரைவ் அவனுடைய பையில் இருந்தது. தபால் கவுன்டர் மூடுவது ஐந்தரைக்கு. அதற்குள் கடையில் பிரிண்ட் எடுத்துக் கம்பியும் போட வேண்டும்.

அன்றைக்கென்று பழைய மெஷின் காலையில் படுத்துவிட்டது. மூன்றரைக்குத்தான் எழுந்தது. முப்பத்தெட்டு பேருடைய முடிவுகளும் நாலு மணிக்கு மொத்தமாக வந்தன. மேலே ஏறினால் அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். பல் வலி. பல் டாக்டர் அடுத்த தெருவில்.

"அரை மணி நேரத்துல வந்துருவேன். ரிப்போர்ட் பிரிண்ட் ஆயிட்டிருக்கு, கணினிய மூடிறாதே," என்றார்.

"நீங்க போயிட்டு வாங்கக்கா. நான் பார்த்துக்கறேன்."

நான் பார்த்துக்கறேன் என்று (நான்) அவன் சொன்னான். அக்கா நம்பிப் போனார். போகும்போது பழக்கதோஷத்தில் இழுப்பறையைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்டார். உள்ளே கரண்டி. கேட்டு வாங்கிக்கொள்ள அவனுக்கும் அந்த அவசரத்தில் தோன்றவில்லை.

முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தால் தபால் போகாது. முடிவுகளை ஏற்றாமல் கிளம்பவும் முடியாது. அவன் பையிலிருந்து தன் பென்டிரைவை எடுத்தான். கீழே போய் மெஷினில் சொருகினான். திரையில் முதலில் திறந்துகொண்ட கோப்புறையில் முடிவுகளைப் போட்டான். அது 'கடைசி.' மேலே வந்து அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, அக்காவின் பெயரில் திறந்திருந்த கணினியில் இறக்கினான். அப்போது மணி நாலு பத்து. அழித்தானா என்று கேட்க ஆள் இல்லை. அழிக்கவில்லை.

[இந்த இடத்தில் மேலாளர் ஒரு அறிவுரையை எதிர்பார்ப்பார். எழுதிவிடுகிறேன்: சொந்த பென்டிரைவைச் சொருகுகிறவன் திருடனாக இருக்க வேண்டியதில்லை. அவசரக்காரனாக இருந்தால் போதும்.]

5.

பிரிண்ட் கடைக்காரம்மா கெட்டிக்காரர். "எதெது எடுக்கணும்?" என்று கேட்டார்.

"'கடைசி'ன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க. அதுக்குள்ள இருக்கிறது எல்லாத்தையும் வரிசையா எடுத்து, சுருள் கம்பி போட்டுக் குடுத்துருங்க. தபாலுக்கு நேரமாச்சு."

அவர் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்தார். பதினோரு அத்தியாயங்கள். பன்னிரண்டாவதாக, தேதியைப் பெயராகக் கொண்ட இன்னொன்று. அதில் லேபின் பெயர் இல்லை, தலைப்பு இல்லை. பெயர், வயது, எதிரே எண்கள். முப்பத்தெட்டு வரி. கம்பி போட்டு அவன் கையில் கொடுத்தார். அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. தன் நாவலைத் தானே படிக்க அவனுக்குச் சலிப்பாக இருந்தது.

போட்டி விதிப்படி நாவலில் எழுதியவர் பெயர் இருக்கக் கூடாது. ஒரு எண் மட்டும். பெயர் தனியாக ஒட்டிய உறையில்.

ஐந்து வாரம் கழித்து, முதல் சுற்றில் தேறியவை என்று பத்திரிகையின் இணையப் பக்கத்தில் ஒரு பட்டியல் வந்தது. அவனுடைய எண் அதில் இருந்தது. இருந்தது மட்டுமா, நடுவர் அதைப் பற்றித் தனியாக எழுதியிருந்தார்: "இறுதி அத்தியாயத்தில் ஆசிரியர் கதையையே கைவிட்டுவிடுகிறார். வெறும் பெயர்கள், வயதுகள், எண்கள். காவல்காரனின் குறிப்பேடு அப்படியே நம் முன் விரிகிறது. ஒவ்வோர் எண்ணும் ஒரு மனிதரின் பாரம். இவ்வளவு துணிச்சலான முடிவைச் சமீபத்தில் நான் படித்ததில்லை." கீழே அந்தப் பக்கத்தின் புகைப்படம். பத்தொன்பது பெயர்கள் தெளிவாகத் தெரிந்தன.

அவன் மனைவிக்குப் படித்துக் காட்டினான். அவள் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஆமா, இத்தனை பேரு எங்கேயிருந்து பிடிச்சீங்க? நிஜ ஆளுங்க பேரு மாதிரியே இருக்கு."

அப்போதுதான் அவன் பார்த்தான். அன்றைக்கு அவன் இறக்கிய முப்பத்தெட்டு பேரின் ரத்தக் கணக்கு அது.

இதுவரை நடந்தது மறதி, அவசரம், அலட்சியம் என்று ஏதாவது ஒரு பெயரில் அடங்கும். இனி நடந்ததற்குத்தான் பெயர் வைக்கத் தெரியவில்லை. அவன் உடனே பத்திரிகைக்குப் போன் செய்திருக்க வேண்டும். "அந்தப் படத்தை எடுத்துடுங்க" என்று நாலு வார்த்தை. செய்யவில்லை. மூன்று நாள் செய்யவில்லை. காரணத்தைச் சொல்கிறேன், காறித் துப்ப வேண்டுமென்றால் துப்பிவிட்டு மேலே படியுங்கள். மூன்றாம் நாள் இரண்டாம் சுற்று முடிவு வருவதாக இருந்தது. தேறுகிறானா என்று பார்க்க ஆசைப்பட்டான். நடுவர் எழுதியதைத் தினம் ஏழெட்டுத் தடவை படித்தான். 'துணிச்சலான' என்ற சொல் வருகிற இடத்தில் அவனுக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்த்தது. அடுத்தவர்களின் ரத்தத்துக்குக் கிடைத்த பாராட்டு என்று தெரிந்தே சிலிர்த்தது. ஒருவேளை அடிமனதில் திட்டமிட்டுத்தான் அப்படிச் செய்தோமோ, கலைஞனுக்கு அப்படியெல்லாம் நடக்குமாமே என்றுகூட ஒரு மத்தியானம் நினைத்தான்.

அவன் என்று எழுதுவதால் இதை எழுத முடிகிறது.

6.

மூன்றாம் நாள் காலை வரவேற்பு மேசைக்கு ஒருவர் வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காக்கிச் சட்டை, ஷேவ் செய்து இரண்டு நாள் ஆன முகம். கையில் போன். போனில் அந்தப் பக்கம்.

"இதுல பதினேழாவது நான்தான்," என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "வேன்ல வர்ற ஒரு குழந்தையோட அம்மா நர்ஸு, இந்தப் பத்திரிகை படிக்கிறவங்க. பார்த்ததும் அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. இது லேப் கணக்குன்னு. சர்க்கரை முந்நூத்து நாப்பது இருக்கிற ஆள் எங்க பிள்ளைங்கள ஏத்திட்டுப் போறான்னு மத்தவங்ககிட்டயும் சொல்லிட்டாங்க. நேத்துலேர்ந்து வண்டிய எடுக்க வேணாம்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்க."

வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. "உட்காருங்க சார், தண்ணி குடிங்க," என்றாள்.

"தண்ணி வேணாம்மா. சர்க்கரை இருக்குன்னு என் பொண்டாட்டிகிட்டயே நான் இன்னும் சொல்லல. மாத்திரை போட்டுக் குறைச்சிட்டு அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நேத்து அவளே வந்து என்னைக் கேக்கறா. என் பேரை இதுல எழுதினது யாருன்னு மட்டும் சொல்லுங்க, நான் போயிடறேன்."

அவன் மூன்றடி தூரத்தில் கையில் ஒரு கட்டு ரிப்போர்ட்டோடு நின்றுகொண்டிருந்தான். ஓட்டுநர் அவனையும் பார்த்தார். "சார், நீங்களும் இங்கதான் வேலை பார்க்கிறீங்களா?"

"நான் வேற பிரிவு," என்றான் அவன்.

[இந்தக் கதையில் யாருக்கும் பெயர் வைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு முறை பெயர்களோடு எழுதிவிட்டேன். போதும்.]

7.

அன்று மத்தியானம் அவன் தெருமுனைக்குப் போய்ப் பத்திரிகைக்குப் போன் செய்தான். நாவலைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னான். போனை எடுத்தவர் வருத்தப்பட்டார். "ஏன் சார், ரெண்டாவது சுத்துலயும் தேறியிருக்கே." விதி ஒன்பதின்படி, திரும்பப் பெற்றால் பெயர் எழுதிய உறையைப் பிரிக்காமலே கிழித்துவிடுவார்கள். அதையும் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டான். படத்தை எடுக்கச் சொல்ல வேண்டும் என்பது கடைசியாகத்தான் ஞாபகம் வந்தது. வரிசையைப் பாருங்கள். முதலில் தன் தடயம், பிறகுதான் பதினேழாவது ஆள்.

லேப் பத்திரிகையைக் கேட்டபோது, யார் அனுப்பியது என்று எங்களுக்கும் தெரியாது என்று பதில் வந்தது. அது உண்மை.

மிச்சம் இருந்தது அக்காவின் கணினி. சிஸ்டம்காரர் அதைத் துருவினார். அன்று மாலை நாலு பத்துக்கு, அக்காவின் பெயரில், சிவப்பு பென்டிரைவ் அல்லாத இன்னொன்று சொருகப்பட்டிருந்தது. நோட்டில் அந்த நேரத்துக்கு வரி இல்லை. ஆறு வருடத்தில் விடுபட்ட ஒரே வரி. அக்கா பல் டாக்டரிடம் போனதற்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை. பக்கத்துத் தெருதானே என்று போய்விட்டு வந்தவர். ஆகவே கணக்குப்படி நாலு பத்துக்கு அவர் நாற்காலியில்தான் இருந்தார்.

அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. தகவலைக் கசியவிட்டவர் என்ற பெயரோடு வெளியே போனால் இந்த வயதில் எந்த லேபும் அவரைச் சேர்க்காது. கரண்டி கட்டியவரே களவு கொடுத்துவிட்டார் என்று உணவறையில் பேசிச் சிரித்தார்கள். அவனும் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுத்தது. ஆனாலும் டீயை மிச்சம் வைக்காமல் குடித்தான்.

8.

இங்கே எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வருகிறது. அக்கா ஏன் வாயைத் திறக்கவில்லை? கணினியை யார் பொறுப்பில் விட்டுப் போனோம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன. முதல் விசாரணையில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "என் மேசை, என் பொறுப்பு. மத்ததை வெள்ளிக்கிழமை சொல்றேன்." இதை எழுதும்போது அவரை ஒரு தியாகியாக ஆக்கிவிட ஆசை வருகிறது. தியாகியாக்கிவிட்டால் எனக்கும் சுலபம். ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. உணவறையில் தன் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி சோறு எடுத்தால்கூடச் சண்டைக்கு வருகிற பெண்பிள்ளை அவர். ஆகையால் அவர் மௌனத்துக்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே விட்டுவிடுகிறேன்.

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அவன் விசாரணை அறைக்குள் நுழைந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். அக்காவின் கண்கள் கலங்குகின்றன. மேலாளர் எழுந்து வந்து அவன் தோளில் கை வைக்கிறார். ஓட்டுநர் மறுபடி வண்டி ஓட்டுகி

(சீச்சீ.)

முடிவு ஆ: அவன் ஒன்றும் சொல்வதில்லை. அக்கா போகிறார். கரண்டி அவன் பொறுப்புக்கு வருகிறது. தினமும் மற்றவர்களிடம் "அழிச்சியா?" என்று கேட்கிறான். ஊருக்கு உபதேசம் செய்து ஓய்வு பெறுகிறான்.

(இதுதான் நடக்கும் போலிருக்கிறது. அதனாலேயே எழுதப் பயமாக இருக்கிறது.)

முடிவு இ: அவன் ஒரு கதை எழுதுகிறான். அதில் நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொல்லி மேலாளரிடம் கொடுத்துவிடுகிறான்.

(இதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன். பக்கங்களைப் பிரிண்ட் எடுக்கப் போகிறேன். லேப் கணினியில்தான் எடுப்பேன், பென்டிரைவ் இல்லாமல்.)

9.

இந்தப் பகுதி, எட்டாம் பகுதிக் காகிதத்தின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதுவது. வெள்ளிக்கிழமை, பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. விசாரணை அறைக்கு வெளியே மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் நான். நடுவில் அக்காவின் பை. அடுத்ததில் அக்கா. திருத்த நேரமில்லாததால் நான் என்றே எழுதுகிறேன்.

"என்ன தம்பி, கையில?" என்று வந்து உட்கார்ந்ததுமே கேட்டார்.

"மேலாளர் கேட்ட கதைக்கா. பென்டிரைவ் பத்தி."

"குடு பார்க்கலாம்."

கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கங்களைத் திருப்பினார். ரிப்போர்ட் சரிபார்க்கிற மாதிரியே வரி வரியாகப் படித்தார். ஓரிடத்தில் சிரித்தார். எந்த இடம் என்று எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஆறாம் பகுதிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

முடித்துவிட்டுக் காகிதங்களை மடியில் தட்டி ஒழுங்குபடுத்தினார்.

"இந்த மூணு நாளு விஷயம்தான் எனக்குத் தெரியாது," என்றார். "மத்ததெல்லாம் தெரியும்."

"தெரியுமாக்கா?"

"என் நாற்காலிய நான் ஒரு உயரத்துல வெச்சிருப்பேன். அன்னிக்கு வந்து உட்கார்ந்தா கால் தரையில எட்டல. உன் உயரத்துக்கு ஏத்தி வெச்சிட்டுப் போயிட்ட. என் நாற்காலியில யாரு உட்கார்ந்தான்னு எனக்குத் தெரியாதா."

"அப்புறம் ஏன்கா நீங்க சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன். சாயங்காலம் சொல்லுவே, மறுநாள் சொல்லுவேன்னு பார்த்தேன். நான் போட்டுக் குடுத்தா நீ மாட்டிக்கிட்டவன் ஆயிடுவே. நீயா சொன்னா அது வேற. இன்னிக்கு வரைக்கும் பார்க்கலாம்னு இருந்தேன். இன்னிக்கு நான் சொல்லித்தான் ஆகணும். எனக்கும் சோறு வேணுமில்ல."

எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. இந்த இடத்தில் அழுதால் அதுவும் எழுதுவதற்காக அழுததாகிவிடும்.

"மன்னிச்சிருங்கக்கா. அதனாலதான் இதை எழுதினேன். இப்பவே மேலாளர்கிட்ட குடுத்துடறேன்."

"குடுக்காதே," என்றார் அக்கா.

"ஏன்கா?"

"குடுத்தா கதைன்னு நினைச்சுப்பாங்க. நல்லா எழுதியிருக்கீங்கன்னு சொல்லிருவாங்க."

அப்புறம் காகிதங்களை என் மடியில் வைத்தார். இதுவரை நான் எழுதி முடித்ததும் கதவு திறந்தது. சிஸ்டம்காரர் தலையை நீட்டி, "வாங்கக்கா," என்றார். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ கேட்கிறார். அக்காவின் பதில் இன்னும் வரவில்லை. எனக்காக இன்னும் ஒரு நிமிடம் இழுத்துப் பிடிக்கிறார் என்று நினைக்கிறேன். அப்படி நான் நினைத்துக்கொள்வதாகவும் இருக்கலாம்.

'நான் எழுந்து உள்ளே போனேன்' என்று அடுத்த வரியில் எழுதிவிட என்னால் முடியும். நாலு சொல். நீங்களும் நம்பிவிடுவீர்கள். நம்பாதீர்கள், என் கடைசி அத்தியாயத்தை நம்பியவர் ஒரு நடுவர், அவர் என்னைத் துணிச்சல்காரன் என்று எழுதினார். முடிவு தெரிய வேண்டுமென்றால் லேபுக்கு நேரில் போங்கள். மேல்தளத்தில் இடதுபக்க மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். நான் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஒன்று மட்டும் நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். இந்த வரியை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றால் இன்னும் வெளியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.